கூலிக் கணக்கில் வராத நேரம்

இந்தியாவில் பயன்படுத்தப்படும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வந்திறங்குகிறது. தென்னிந்தியாவில் அது மங்களூர், கொச்சி, எண்ணூர், தூத்துக்குடி, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் முனையங்களிலிருந்தும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும், உள்நாட்டில் இருக்கும் உருளை நிரப்பும் ஆலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். குழாய்வழியும் ரயிலும் சுமப்பது போக எஞ்சியதைச் சுமப்பவை, சாலைகளில் நீண்ட வெள்ளை உருளைகளாகக் கண்ணில் படும் 'புல்லட்' டேங்கர்கள். இவற்றில் பெரும்பகுதி நாமக்கல்லையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்களுக்குச் சொந்தமானது. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கமும் நாமக்கல்லிலிருந்தே இயங்குகிறது. மானாவாரி நிலத்தை மட்டும் நம்ப முடியாத ஒரு வறண்ட வட்டாரம், லாரி, ஆழ்துளைக் கிணற்று ரிக், கோழிப்பண்ணை ஆகிய மூன்றையும் பற்றிக்கொண்டு மேலெழுந்த வரலாறு பலமுறை பெருமையோடு எழுதப்பட்டுவிட்டது. அந்த வரலாற்றில் முதல் போட்டவரைப் பற்றி இருக்கும் அளவுக்கு, ஸ்டியரிங் பிடித்தவரின் கூலியைப் பற்றி எதுவும் இல்லை.

ஒரு டேங்கரில் ஏறும் 18 டன் எரிவாயு, வீட்டில் பயன்படும் 14.2 கிலோ உருளைகளாகக் கணக்கிட்டால் 1,260 உருளைகளுக்கு மேல் வரும். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இந்த வாயு, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டுக் கலத்துக்குள் அடைக்கப்படுகிறது. வெளியேறினால் ஏறத்தாழ 250 மடங்கு விரிவடையும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்துபோகாமல் தரையோடு படர்ந்து, பள்ளமும் சாக்கடையும் பார்த்துத் தேங்கி, எங்கோ ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். வெப்பத்தில் திரவம் விரிவடைவதற்கு இடம் வேண்டும் என்பதால் கலம் முழுவதும் நிரப்பப்படுவதில்லை. அந்த வெற்றிடமே ஓட்டுநருக்கு வேறொரு தொல்லை ஆகிறது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் உள்ளிருக்கும் திரவம் அலையாக எழுந்து வண்டியைத் தள்ளும். அலையை உடைப்பதற்காகக் கலத்துக்குள் தடுப்புத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தாலும், புவியீர்ப்பு மையம் உயரத்தில் இருக்கும் இத்தகைய வண்டி, சரக்கு லாரி சாயாத வேகத்திலேயே சாய்ந்துவிடக்கூடியது. டேங்கர் ஓட்டுவது தனித் திறன் வேண்டும் வேலை என்று தொழிலில் இருப்போர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் எரிவாயு டேங்கர் ஒன்று சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்ததில், சாலையோர வீடுகளில் இருந்தவர்கள் உட்படச் சுமார் 20 பேர் இறந்தனர். 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்த டேங்கர்மீது லாரி மோதியதில் கசிந்த வாயு தீப்பற்றி, பின்னால் நின்ற வாகனங்களையும் சேர்த்து எரித்தது. அதிலும் உயிரிழப்பு ஏறத்தாழ அதே அளவு. இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து கோவைக்கு வந்த 18 டன் டேங்கர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்து கசியத் தொடங்கியபோது, அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, பல மணி நேரப் போராட்டத்துக்குப் பின் டேங்கர் அகற்றப்பட்டது. அன்று யாரும் இறக்கவில்லை.

இத்தகைய சரக்கை ஏற்றும் ஓட்டுநரிடம் சட்டம் கேட்பவை கொஞ்சமல்ல. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்பவருக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்; மூன்று நாள் சிறப்புப் பயிற்சி பெற்று, அது உரிமத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மறுபயிற்சியும் பெற வேண்டும். பொதுவான சரக்கு வண்டி ஓட்டுவதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்ட பிறகும், டேங்கர் ஓட்டுநருக்கான இந்த மொழித் தகுதி அப்படியே இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டிலும் பின்புறமும் 1075 என்ற பன்னாட்டு எண்ணைக் காட்டும் அவசரத் தகவல் பலகை, விபத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லும் 'ட்ரெம்' அட்டை, சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் ஆகிய எல்லாவற்றுக்கும் சாலைச் சோதனையில் முதலில் பதில் சொல்பவரும் அவரே.

இந்தக் கூடுதல் தகுதிக்கு ஏற்ற கூலி கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் டேங்கர் உரிமையாளர்களுக்குத் தரும் வாடகை, டெண்டர் மூலம் முடிவாகும் ஒரு விகிதத்தை ஏற்றிய டன்னாலும் போய்வரும் கிலோமீட்டராலும் பெருக்கி வரும் தொகை. அதாவது வண்டி நகர்ந்தால்தான் வருமானம். உரிமையாளர் அதே தர்க்கத்தைக் கீழே இறக்கிவைக்கிறார்: மாதச் சம்பளம் என்று ஒரு சிறு தொகை, அதன்மேல் ஒவ்வொரு டிரிப்புக்கும் படி, அல்லது சம்பளமே இல்லாமல் டிரிப்புக்கு இவ்வளவு என்ற மொத்தத் தொகை, அல்லது வாடகையில் ஒரு பங்கு. பேட்டா என்றும் படிக்காசு என்றும் அழைக்கப்படும் தொகைதான் ஓட்டுநரின் உண்மையான வருமானம். அதற்குள்தான் வழியில் சாப்பாடு, குளியல், பல சமயம் சோதனைச் சாவடியின் மாமூல் எல்லாம் அடங்கும். டீசலுக்கு உரிமையாளர் ஒரு மைலேஜ் நிர்ணயித்து, அதற்குக் குறைந்தால் பிடித்தம் செய்யும் வழக்கமும் பரவலாக உண்டு. மலைப்பாதையில் ஏறினாலும் நகர நெரிசலில் நின்றாலும் அந்தக் கணக்கு பெரிதாக இளகுவதில்லை.

சேவ்லைஃப் அறக்கட்டளையும் மஹிந்திரா நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் 10 போக்குவரத்து மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களைச் சந்தித்து எடுக்கப்பட்டது. டேங்கர்களை மட்டும் பற்றியதன்று எனினும், தொழிலின் பொது நிலையை அறிய அது உதவுகிறது. ஒரு நாளில் சராசரியாகச் சுமார் 12 மணி நேரம் ஓட்டுவதாகவும், ஏறத்தாழப் பாதிப் பேர் களைப்போ தூக்கமோ வந்தாலும் நிறுத்தாமல் ஓட்டுவதாகவும், பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மாதம் 10,000 முதல் 20,000 ரூபாய்வரை ஈட்டுவதாகவும், வருங்கால வைப்புநிதி, காப்பீடு முதலிய சமூகப் பாதுகாப்பு எதுவும் 93 விழுக்காட்டினருக்கு இல்லை என்றும் அதில் தெரியவந்தது. இந்தத் தொழிலுக்குத் தங்கள் குடும்பத்தில் யாரையும் வரச் சொல்லமாட்டோம் என்றவர்கள் 84 விழுக்காடு. ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று உரிமையாளர்கள் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வதையும், நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர் பற்றாக்குறை இருப்பதாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி கூறியதையும் இந்த ஒற்றை எண்ணோடு சேர்த்துப் படித்தால், காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

வண்டி ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரம் எப்படிக் கழிகிறது என்பதில்தான் டேங்கர் தொழிலின் தனிக் கொடுமை இருக்கிறது. எரிவாயு ஆலையின் வாயிலில் வண்டி வரிசைக்கு வந்ததும் ஓட்டுநரின் கைப்பேசி, தீப்பெட்டி, பீடி எல்லாம் காவலரிடம் ஒப்படைக்கப்படும். ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, எடைமேடை ஏறி, முறை வரும்போது இறக்குமிடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நிலைமின்சாரம் தரைக்கு இறங்க எர்த்திங் கம்பியை மாட்டிய பிறகுதான், திரவத்துக்கு ஒன்றும் ஆவிக்கு ஒன்றுமாகக் குழாய்கள் இணைக்கப்படும். இறக்கி முடியச் சில மணி நேரம் ஆகும். ஆனால் அந்த முறை வருவதற்கு முன் வெளியே வரிசையில் நிற்கும் நேரத்துக்குத் திட்டவட்டமான கணக்கில்லை. ஆலையின் சேமிப்புக் கலம் நிறைந்திருந்தாலோ, விடுமுறை குறுக்கிட்டாலோ, ஓர் இயந்திரம் பழுதானாலோ அது ஒரு நாளாகும், இரண்டு நாளும் ஆகும். சுமையேற்றிய வண்டியைக் கவனிப்பார் இல்லாமல் விட்டுச்செல்லக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. எனவே தனியாக வந்த ஓட்டுநர் கழிப்பிடம் தேடிப் போவதுகூட விதிமீறலாகிவிடும். சரக்கு லாரிக்காரர்கள் பெட்டியில் ஸ்டவ் வைத்துப் புளியமரத்தடியில் சோறு பொங்கித் தின்பதுபோல இவரால் முடியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அடுப்புகளுக்கு எரிபொருள் கொண்டுவந்தவர் தன் வண்டி அருகே ஓர் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. அந்தத் தடை நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஈடாக ஒரு சாப்பாட்டுக் கூடமோ கழிப்பறையோ ஆலை வாயிலில் கட்டித் தருவது யார் பொறுப்பு என்பதைத்தான் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

இந்தக் காத்திருப்பு வேலை நேரமா, இல்லையா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டபோது, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, தொலைதூரப் பயணங்களுக்கு உரிய அதிகாரியின் ஒப்புதலோடு 10 மணி, 54 மணி எனத் தளர்த்தியது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வும் வைத்தது. வேலை நேரம் என்பது தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரம் என்று தாராளமாகத் தொடங்கும் அந்தச் சட்டத்தின் விளக்கம், அடுத்த வரியில் கையைக் கட்டிக்கொள்கிறது. வண்டி ஓடும் நேரம், அதைச் சார்ந்த துணை வேலைகளின் நேரம் ஆகியவற்றோடு, முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் சேரும் என்கிறது. பேருந்து நிலையத்தில் அடுத்த நடைக்காக நிற்கும் நடத்துநரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளக்கம் அது. ஆலை வாயிலில் 30 மணி நேரம் நிற்கும் டேங்கர் ஓட்டுநரிடம் அதைக் கொண்டுபோய்ப் பொருத்தினால், காத்திருப்பு நீள நீள அது வேலை அல்லாததாகிவிடும் என்ற விபரீத முடிவுக்கு வழி திறக்கிறது. ஏவலுக்கு உட்பட்ட நேரம் எல்லாமே வேலை நேரம்தான் என்று வழக்காட இடமிருக்கிறது. ஆனால் வழக்காடும் நிலையில் எந்த ஓட்டுநரும் இல்லை.

இந்தச் சட்டமும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இதைத் தன்னுள் அடக்கிக்கொண்டபோது அந்த எல்லை பத்துப் பேராக உயர்ந்தது. காத்திருப்பு பற்றிய பழைய விளக்கமோ புதிய வீட்டுக்கும் குடிவந்துவிட்டது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்கள் நிறைந்த ஒரு தொழிலில், எல்லையை உயர்த்துவது என்பது பெரும்பாலோரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துவதே.

மேலைநாடுகளில் இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, பொதுவாக நாளுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம் என்ற வரம்புகளோடு நிற்கவில்லை. ஓடிய தூரத்துக்கும் கொண்டுசேர்த்த வேகத்துக்கும் ஏற்ற ஊதியமோ ஊக்கத்தொகையோ சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் இருந்தால் அதைத் தரவே கூடாது என்றும் தடுக்கிறது. அமெரிக்காவில் 11 மணி நேர வரம்பும் மின்னணுப் பதிவுக் கருவியும் இருந்தாலும், கூட்டாட்சிச் சட்டப்படியான மிகைநேர ஊதியத்திலிருந்து நெடுந்தூர லாரி ஓட்டுநர்களுக்கு விலக்கு இருப்பதால் மைலுக்கு இவ்வளவு என்ற கூலி அங்கே நிலைத்துவிட்டது. அந்நாட்டின் பெரிய லாரி நிறுவனம் ஒன்று 1990-களின் பிற்பகுதியில் ஓட்டுநர் ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தியபோது விபத்து விகிதம் பெரிதும் குறைந்ததைப் பொருளாதார அறிஞர் மைக்கேல் பெல்சரும் அவருடன் இணைந்தவர்களும் ஆராய்ந்து எழுதியுள்ளனர். தூக்கம் கெட்டு ஓட்டுவது ஓட்டுநரின் ஒழுக்கக்கேடு என்று பாதுகாப்பு வார விழாக்களில் பேசுவோர், கூலிமுறையே அதை வற்புறுத்துகிறது என்ற இந்த எளிய கண்டுபிடிப்பைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டில் இந்த முரண்பாடு வெளிப்படையாக வெடித்தது 2025 மார்ச்சில். எண்ணெய் நிறுவனங்கள் 2025–30 காலத்துக்கு வெளியிட்ட ஒப்பந்த விதிகளை எதிர்த்து எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் மார்ச் 27 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரண்டு அச்சு வண்டிகளைவிட மூன்று அச்சு வண்டிகளுக்கு முன்னுரிமை என்பது அவர்களுடைய பெரிய குறை. இன்னொன்று, மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாமல் வண்டி வந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்ற விதி. ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கும்போது இவ்வளவு பெரிய தண்டனை நியாயமா என்று அவர்கள் கேட்டார்கள்.

உரிமையாளர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தேசிய அனுமதி பெற்ற சரக்கு வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற பொது விதியையே மத்திய அரசு 2018-இல் தளர்த்தியது. டன்னையும் கிலோமீட்டரையும் பெருக்கி வரும் வாடகைக்குள் இரண்டாவது ஆளின் சம்பளம் தனியாகத் தெரிவதும் இல்லை. வங்கித் தவணை, காப்பீடு, டயர், சுங்கம் எல்லாம் கட்டி மிஞ்சுவதில்தான் அவர் இரண்டாவது ஆளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதால், டெண்டரில் விலையைக் குறைத்துப் போட்டவர் முதலில் வெட்டுவது அந்த இருக்கையைத்தான். ஆனால் அபராதத்தை நீக்கு என்ற கோரிக்கை வென்றால் விளைவு யார் தலையில் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். மங்களூரிலிருந்து மலைத்தொடரைக் கடந்து இரவில் இறங்கும் வண்டியில், விழித்திருக்கும் கண்கள் இரண்டா நான்கா என்பதே கேள்வி. இரண்டாவது ஆள் வேண்டும் என்ற எண்ணெய் நிறுவனங்களின் நிபந்தனை சரியானது. அதற்கான செலவை வாடகை விகிதத்தில் தனியாகக் காட்டாமல் அபராதத்தால் மட்டும் சாதிக்கப் பார்ப்பது தவறு. தாளில் மட்டும் இருக்கும் மாற்று ஓட்டுநரை உருவாக்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

பொறுப்பை மட்டும் கீழே தள்ளும் இந்தப் போக்கு குற்றவியல் சட்டத்திலும் எட்டிப் பார்த்தது. கவனமின்றி ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பிச் செல்பவருக்குப் பத்தாண்டுவரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரி முதல் நாள்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பெட்ரோல் டேங்கர்களும் நின்றதால் வட, மேற்கு மாநிலங்களில் பெட்ரோல் பங்குகளின் முன் நீண்ட வரிசைகள் உருவாயின. கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற அச்சத்தால்தான் பலர் இடத்தைவிட்டு ஓடுகிறார்கள் என்ற அவர்களின் வாதத்துக்கு விடை கிடைக்காவிட்டாலும், மத்திய அரசு அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அது மட்டும் விடப்பட்டது. ஓட்டுநர்கள் சேர்ந்து நின்று பெற்ற அரிய வெற்றி அது. அது தண்டனை பற்றியது, கூலி பற்றியதன்று. லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதியைக் கட்டாயமாக்கிய விதியும் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கே பொருந்தும் என்பதால், இப்போது ஓடும் டேங்கர்களின் எஞ்சின் சூடு இன்னும் பல ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும்.

ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எத்தனை மணி நேரம் நின்றார் என்று அறிய வழியில்லை என்ற சாக்குப்போக்குக்கு இப்போது இடமில்லை. எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடும் டேங்கர்களில் வண்டி இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அனுமதியில்லாத இடத்தில் நின்றால், வழி மாறினால், வேகம் கூடினால் அது காட்டிக்கொடுக்கும். திருட்டையும் கலப்படத்தையும் தடுக்க அது தேவையான ஏற்பாடே. அதே கருவி, ஆலை வாயிலில் வண்டி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு உள்ளே போனது என்பதையும் நிமிடம் பிசகாமல் பதிவு செய்கிறது. தண்டிப்பதற்குப் பயன்படும் பதிவு கூலி தருவதற்குப் பயன்படாமல் இருப்பது தொழில்நுட்பக் குறை அன்று. அப்படி ஒரு பத்தி ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கூலி கொடுக்கப்படாவிட்டால் முதன்மை முதலாளி அதைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குப் புதியதன்று.

ஆகவே செய்ய வேண்டியது மூன்று வரிகளில் அடங்கிவிடும். வாடகை விகிதத்தில் இரண்டாவது ஓட்டுநரின் ஊதியம் தனித் தொகையாகக் காட்டப்பட்டு, அது அவருடைய வங்கிக் கணக்கில் சேர்ந்ததற்கான சான்றோடுதான் பில் தீர்க்கப்பட வேண்டும். ஆலை வாயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும், கண்காணிப்புக் கருவியின் பதிவையே சான்றாகக் கொண்டு, ஓட்டுநருக்குக் காத்திருப்புக் கூலி தரப்பட வேண்டும். ஒவ்வொரு நிரப்பும் ஆலையும் தன் வாயிலருகே கழிப்பறை, குளியலறை, படுக்கைக் கூடம் கட்டும் பொறுப்பை ஏற்க வேண்டும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் இதற்குப் புதிய சட்டம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நடப்பு ஒப்பந்தத்திலேயே திருத்தம் செய்ய அவற்றுக்கு மனமில்லை என்றால், 2030-இல் வரும் அடுத்த டெண்டரின் வரைவிலாவது இவற்றை எழுத வேண்டும், எழுதும்படி நாமக்கல்லின் உரிமையாளர் சங்கமும் ஓட்டுநர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இப்போதே கேட்க வேண்டும்.